மரம் நம்முடையது, அளவு யாருடையது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வடக்கே வாகரையிலும், 2007இன் இடப்பெயர்வுக்குப் பின் மீளக் குடியேறிய குடும்பங்கள் வளவு வேலியோரம் நட்ட தேக்கும் வேம்பும் இன்று இருபது வயதை நெருங்குகின்றன. வங்கியில் எதுவும் இல்லாத வீட்டுக்கு அந்த மரங்கள்தான் சேமிப்பு. பிள்ளையின் கல்யாணம், வைத்தியச் செலவு, நுண்கடன் தவணை என்று ஏதாவது நெருக்கும்போது முதலில் விலை பேசப்படுவதும் அவைதான்.

பேசும் விதத்தில்தான் சிக்கல். தரகர் வளவுக்குள் வருகிறார், மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், ஒரு தொகை சொல்கிறார். அது எத்தனை கன அடி தேறும் என்று அவருக்குத் தெரியும். மரத்தை வளர்த்தவருக்குத் தெரியாது.

இது சிறு விடயமல்ல. இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் தடைசெய்யப்பட்டது. நாட்டின் அறுமரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் வீட்டுத் தோட்டங்களிலிருந்து கிடைப்பதாக 1995ஆம் ஆண்டின் வனத்துறைப் பெருந்திட்டம் மதிப்பிட்டது. அதாவது மரக்காலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு சாதாரண மக்களின் வளவிலிருந்து போகிறது.

தையல் நாடா போதும்

மரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெட்டிய கட்டையின் நடுப்பகுதிச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வியாபாரத்தில் பழகிய கணக்கு. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், நாலில் ஒன்று 12 அங்குலம், அதாவது ஒரு அடி. கட்டை 10 கன அடி. அதே கட்டையின் உண்மையான கனவளவு ஏறத்தாழ 12.7 கன அடி. அறுக்கும்போது கழியும் மரத்துக்காக இந்தக் கணக்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் “கழிவு” என்று சொல்லி யாராவது விலையைக் குறைத்தால், ஒரே கழிவை இரண்டு முறை கழிக்கிறார் என்று பொருள்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 36 அங்குலச் சுற்றளவுள்ள 10 அடிக் கட்டை 5.6 கன அடிதான். சுற்றளவு மூன்றில் ஒரு பங்கு கூடினால் மரம் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. வைரம் பாய்வதும் அந்தப் பிந்திய ஆண்டுகளில்தான். அவசரத்துக்கு இளமரத்தை விற்பவர் இழப்பது இதைத்தான்.

ஆகவே ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், சுற்றளவை எடுத்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். எந்த மரம் பருக்கிறது, எது நின்றுவிட்டது என்று மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிடும். நெருக்கி நட்ட தேக்கில் கோணலும் மெலிவுமானவற்றை முதலில் எடுத்து ஐதாக்கினால் நேரான மரங்கள் பருக்கும். பணமுடை வரும்போது எதை விற்பது என்பதையும் அந்தக் கொப்பி சொல்லும்.

உறுதியும் எல்லைக்கல்லும்

ஆனால் அளக்கத் தெரிந்தால் மட்டும் விலை கிடைத்துவிடாது. மரத்தை லொறியில் ஏற்ற அனுமதி வேண்டும், சில இனங்களுக்கே விலக்கு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டவே 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அனுமதிக்குக் காணி உரித்தைக் காட்ட வேண்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. தரகர் குறைத்துக் கொடுக்கும் விலையில் இந்தக் கடதாசி அலைச்சலும் அடங்கியிருக்கிறது.

இதை வன பரிபாலனத் திணைக்களம் மட்டும் வந்து கற்பித்தால் போதுமா? இடம்பெயர்ந்திருந்த காலத்தில் புதர் மண்டிய காணிகள் பின்னர் வன எல்லைக்குள் வந்துவிட்டதாக வடக்கு கிழக்கு எங்கும் முறைப்பாடுகள் உண்டு. எல்லைக்கல் நட்டவரிடமே “என் வளவில் இத்தனை மரம் நிற்கிறது” என்று சொல்ல மக்கள் தயங்குவது இயல்பு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. கிராமம்தோறும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண் பிள்ளைக்கே போகின்றன. அப்படியென்றால் அளக்கும் நாடாவும் முதலில் பெண்களின் கைக்கே போக வேண்டும்.

நம்மவர் பலர் வாழும் நோர்வேயில் காட்டின் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் கூட்டுறவாக விற்கிறார்கள். மரத்தை அளப்பது வாங்குபவரும் அல்ல, விற்பவரும் அல்ல, இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் நடுநிலை அமைப்பு. ஒரு கிராமத்தில் பத்து வீடுகள் சேர்ந்து, அளந்து, ஒரே லொறிக்கு மரம் சேர்த்தால் அதன் சிறு வடிவம் இங்கும் சாத்தியம்.

போர் விட்டுச்சென்ற இன்னொரு விடயமும் உண்டு. முதலாம் உலகப் போர் முடிந்து நூறாண்டு கடந்தும் பிரான்சின் வெர்டன் பகுதி மரங்களுக்குள் குண்டுச் சிதறல்கள் இருக்கின்றன. அவை வாளை உடைக்கும், மரத்தின் விலையையும் குறைக்கும். ஷெல் விழுந்த நம் ஊர்களின் பழைய மரங்களையும் அறுக்கும் முன் உலோகம் உண்டா என்று சோதிக்க வேண்டும்.

பயிற்சியோடு பிரதேச செயலகங்கள் உறுதிப் பிரச்சினைக்கும் மர அனுமதிக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடமாடும் சேவை நடத்த வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: அளக்காமல் எந்த மரத்துக்கும் முற்பணம் வாங்காதீர்கள்.