நிரூபிக்க வேண்டியது நாமல்ல

'நாடகக் காதல்' என்ற கதையை நாம் கேட்காத இடமில்லை. கல்லூரி வாசல், டீக்கடை, வாட்ஸப் குழு, எங்கும் அதுதான். தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு திட்டம்போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். 2012-இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பகிரங்கமாகப் பேசிய கதை இது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, தர்மபுரி நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். மணமகன் இளவரசனின் உடல் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் அருகே கிடந்தது.

இந்தக் கதைக்கு நாமும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். சேர்ந்து வாழும் தம்பதியைக் காட்டினால், "சொத்துக்காகக் காத்திருக்கிறான்" என்கிறார்கள். பெண் வீட்டில் சொத்தே இல்லையென்றால், "நம் சாதியை அவமானப்படுத்தத்தான்" என்கிறார்கள். பிரிந்துவிட்டால், "பார்த்தீர்களா, நாடகம்!" அந்தப் பெண்ணே "நான் விரும்பித்தான் வந்தேன்" என்றால், மூளைச்சலவை. ஆதாரம் எங்கே என்று கேட்டால், "ஆதாரம் இல்லாமல் செய்வதுதானே சதி!"

எந்தச் சாட்சி வந்தாலும் தோற்காத கதை உண்மையாகிவிடாது. எப்போது பொய்யாகும் என்று சொல்லவே முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்றார் கார்ல் பாப்பர். கதை கட்டுகிறவருக்கு ஒரு வரி போதும். மறுக்கிற நாமோ ஒவ்வொரு குடும்பத்தின் அந்தரங்கத்தையும் தெருவில் விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சதியே கிடையாதா? உண்டு. 2015 ஜூனில் கோகுல்ராஜைத் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொன்று, தற்கொலை போலக் காட்டத் தண்டவாளத்தில் போட்டார்களே, அது சதி. அதை நாம் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. கோயிலின் சிசிடிவி பதிவு இருந்தது. முக்கியச் சாட்சியே பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது. 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உண்மையான சதி சோதனைக்கு உட்படும். சாதியின் கட்டுக்கதை சோதனையைக் கண்டாலே ஓடும்.

பிறகு ஏன் இந்தக் கதை சாகவில்லை? அது சாதிக்குத் தேவைப்படுகிறது. அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916-லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். தன் வீட்டுப் பெண் தானாக யோசித்து ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று ஒப்புக்கொண்டால் அந்த உயிர் போய்விடும். அதனால் அவளுக்கு மூளையே இல்லை என்றும், நமக்குக் காதலே இல்லை என்றும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, இனி குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று பதில் சொல்ல வேண்டாம். அடுத்த முறை யாராவது இந்தக் கதையை எடுத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என்ன காட்டினால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?" "எதைக் காட்டினாலும் மாட்டேன்" என்பது அவர் பதிலானால், அவரிடம் இருப்பது கருத்து அல்ல, சாதி. அதற்கு எதிராகத்தான் நாம் அணிதிரள வேண்டும்.