என் உயிலில் ஒரு பங்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் உயில் எழுதி முடித்தேன். விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் ஒரே பதற்றம். "அத்தை, உடம்புக்கு ஏதாவது...?" என்று போன் மேல் போன். ஒன்றும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் முருகன் கோயில் வரை நடந்துவிட்டுத்தான் வருகிறேன். நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டியதுதான் உயில்.

வீடு பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. வங்கியில் மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு, குணமாகாத நோயோடு வாழும் குழந்தைகளைப் பராமரிக்கும் ஓர் அமைப்புக்கு. இந்த இரண்டாவது விஷயம்தான் கேள்விகளைக் கிளப்பிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்பிஸ் என்றால் சாகக் கிடப்பவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் அது முழு உண்மை இல்லை. தசைச் சிதைவு, மூளை பாதிப்பு, சில வகைப் புற்றுநோய் என்று வருடக்கணக்கில் நீளும் நோய்கள் உண்டு. அந்த வருடங்கள் முழுக்க வலியைக் குறைப்பது, மூச்சுத் திணறலைக் கவனிப்பது, வீட்டுக்கே செவிலியரை அனுப்புவது, பெற்றோருக்கு அவ்வப்போது ஓய்வு கொடுப்பது, கூடப் பிறந்த பிள்ளைகளிடம் பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. நம் அரசு மருத்துவத் துறை இதை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இது இருக்கிறது.

உலகத்தில் குழந்தைகளுக்கென்று முதல் ஹாஸ்பிஸ் 1982ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. மூளைக் கட்டிக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் பிறர் உதவி தேவைப்பட்ட ஹெலன் என்ற சிறுமியை, அவள் பெற்றோர் சற்று இளைப்பாறட்டும் என்று பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி அவ்வப்போது தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஹெலன் ஹவுஸ்'. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் மும்பை பாந்த்ராவில் 1986ல் வந்த சாந்தி அவேத்னா சதன், அது புற்றுநோயாளிகளுக்கானது. இன்று மும்பையில் ஹேப்பி ஃபீட் ஹோம், நம் சென்னையில் கோல்டன் பட்டர்ஃப்ளைஸ் என்று குழந்தைகளுக்காகவே இயங்கும் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நோய் ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் உலக அளவில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் இருந்தான். தசைச் சிதைவு நோய். அம்மா இடுப்பில் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போவார். மனக்கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் அந்த அம்மாவிடம், "உனக்கு என்ன உதவி வேணும் சொல்லும்மா" என்று கேட்டேன். பணம் கேட்பார் என்று நினைத்தேன். "ராத்திரி மணிக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கணும் டீச்சர். ஒரே ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினாப் போதும்" என்றார். அந்த ஒரு ராத்திரியைக் கொடுக்க அன்றைக்கு இந்த ஊரில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இதற்கு ஏன் பணம் வருவதில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. நாம் தர்மம் செய்யும்போதும் பலனைப் பார்க்க ஆசைப்படுகிறோம். படிக்க வைத்த பிள்ளை வேலைக்குப் போய் வந்து காலில் விழுகிறான். ஆபரேஷனுக்கு உதவிய குழந்தை எழுந்து ஓடுகிறது. அன்னதானத்தில் சாப்பிட்டவர் முகம் மலர்கிறது. எல்லாம் நல்ல தர்மங்களே, நானும் செய்கிறேன். ஆனால் பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்குக் கொடுத்தால், பத்து வருடம் கழித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. அன்றைய வலி அன்றைக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் இதற்கு உயில் பொருத்தமானது என்கிறேன். உயிலில் எழுதுகிறவரும் பலனைப் பார்க்கப் போவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் "நாளைய குடிமக்கள்" என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். நாளை இல்லாத குழந்தைக்கும் இன்று உண்டே. அந்த இன்றைக்கு ஒரு பங்கு.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"பிள்ளைகளுக்கு வைக்காமல் வெளியாருக்கா?" பத்தில் ஒன்பது பங்கு பிள்ளைகளுக்குத்தான். எழுதும் முன்பே இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். மகளுக்கு உடனே சம்மதம். மகனுக்கு முதலில் வருத்தம். "எங்க மேல ஏதாவது கோபமாம்மா?" என்று கேட்டான். கோபம் இருந்தால் வீட்டையே எழுதியிருப்பேனே என்றேன். சிரித்துவிட்டான். சொல்லாமல் எழுதுவதுதான் பின்னால் கோர்ட்டுக்குப் போகிறது.

"இப்போதே கொடுத்துவிடலாமே?" முடிந்தவர்கள் தாராளமாகக் கொடுங்கள். பென்ஷனில் வாழ்கிறவளுக்கு நாளை எந்த ஆஸ்பத்திரிச் செலவு வருமோ தெரியாது. உயில் என்றால் இருக்கும்வரை என் பணம் என்னிடம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

"வரியில் ஏதாவது லாபம் உண்டா?" இங்கிலாந்தில் தர்மத்துக்கு எழுதிய தொகைக்கு வாரிசு வரி கிடையாது. நம் நாட்டில் அந்த வரியே 1985ல் போய்விட்டது. ஆகவே இங்கே மனம் வந்து எழுதினால்தான் உண்டு.

உயில் தர்மம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பச்சையப்ப முதலியார் 1794ல் தன் செல்வத்தைக் கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். பிறகு வழக்கு மேல் வழக்கு. அந்தப் பணம் ஒரு பள்ளிக்கூடமாக மாறியது 1842ல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! எழுதினால் மட்டும் போதாது, போய்ச் சேரும்படி எழுத வேண்டும்.

அதற்கு நான் தெரிந்துகொண்டவை: முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள், உங்களைவிட இளையவராக இருக்கட்டும். அமைப்பின் பதிவுப் பெயர், முகவரி, பதிவு எண் மூன்றையும் சரிபார்த்து எழுதுங்கள். அந்த அமைப்பு அப்போது இல்லாவிட்டால் இதே பணி செய்யும் வேறொன்றுக்கு என்றும் சேர்த்துவிடுங்கள். ரூபாய்க் கணக்கில் எழுதாமல் பங்காக எழுதுங்கள். சேமிப்பு கரைந்தாலும் பிள்ளைகளுக்குப் பாதகம் வராது. "நாமினி போட்டாச்சே" என்று இருந்துவிடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

என் கிறிஸ்தவ மாணவர்களுக்கு: நெருங்கிய உறவு உள்ளவர்கள் தர்மத்துக்கு உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்திய 118வது பிரிவை 2003ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இஸ்லாமிய மாணவர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரை உயிலில் எழுதலாம். யாராக இருந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பத்தில் ஒன்று முடியாதவர்கள் நூறில் ஒன்று எழுதுங்கள். இந்த அமைப்புக்குத்தான் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ஊரில் விசாரித்து, நேரில் போய்ப் பார்த்து, கணக்குக் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கோ ஒரு வீட்டில் ஓர் அம்மா ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வடபழனி