பேரனைப் பார்க்க ஒரு மனு

பாலசமுத்திரத்து அப்பத்தா ஒருவரின் மகனும் மருமகளும் பிரிந்து, பேரன் தாயோடு திருப்பூருக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அந்தப் பேரன் வளர்ந்து ஆளான பிறகு அவனிடம் அவர் ஜீவனாம்சம் கேட்கலாம். இப்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க அதில் ஒரு வரிகூட இல்லை. வேடிக்கையான நியாயம்தான்!

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மனுப் போட்டு, நீதிபதி மனம் வைத்தால்தான் உண்டு.

வைத்ததும் உண்டு. கொரோனாவில் பெற்றோரை இழந்த அகமதாபாத் சிறுவனை, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. தாயின் சகோதரி வயதில் இளையவர், வருமானம் உள்ளவர் என்பது மட்டும் போதாது என்றது.

பிரிந்த குடும்பங்களில் தாத்தா பாட்டிக்கும் நேரம் ஒதுக்குவதைச் சட்ட ஆணையம் 2015லேயே, 257ஆவது அறிக்கையில், பேசிவிட்டது. நாடாளுமன்றம் அதைத் தூசு தட்டி எடுக்கட்டும்.