தாருக்கும் செம்மண்ணுக்கும் ஒரே டயர்

உயரமான கைப்பிடி, நீண்ட சஸ்பென்ஷன், கொக்கு மூக்குபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மட்கார்டு. இப்படிப்பட்ட மோட்டார்சைக்கிள்கள் இப்போது நம் அடுக்குமாடிக் கார்நிறுத்தங்களில் பெருகிவிட்டன. தார்ச்சாலையிலும் ஓட்டலாம், மண்பாதையிலும் ஓட்டலாம் என்று சொல்லி விற்கப்படும் வண்டிகள். சிங்கப்பூரில் மண்பாதை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். இயற்கைக் காப்பகங்களுக்குள் மோட்டார்சைக்கிளை விடமாட்டார்கள். ஆனால் கடற்பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் கூலாய், கோத்தா திங்கி, குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் சாலைகள் கண்ணுக்கு எட்டியவரை ஓடுகின்றன. சனிக்கிழமை விடியற்காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பின்பெட்டியும் கைப்பிடிக் கவசமுமாக வரிசையில் நிற்கும் இளைஞர்களில் பலர் அங்கேதான் போகிறார்கள்.

என் அக்கா மகனும் அவர்களில் ஒருவன். ஈசூனில் வீடு, துவாஸில் வேலை. வண்டியோடு வந்த டயர் தேய்ந்துவிட்டது, அடுத்து எதைப் போடலாம் என்று என்னிடம் வந்தான். கையோடு படமும் கொண்டுவந்திருந்தான். டயரைச் சுற்றிலும் ரப்பர்க் கட்டைகள் விரல் உயரத்துக்கு நின்றன. “பார்க்கவே கம்பீரமா இருக்கு மாமா” என்றான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வண்டியின் பின்னிருக்கையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தேக்கா சந்தைக்கு வருவது என் அக்கா. அதனால் நான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது.

இந்த வகை டயர்களை விற்பவர்கள் 90/10, 80/20, 50/50 என்று பேசுவார்கள். முதல் எண் தார்ச்சாலைக்கு, இரண்டாவது மண்ணுக்கு. இது எந்த அரசாங்கமும் சோதித்துக் குத்தும் முத்திரையல்ல. அந்தந்த நிறுவனம் தன் டயரைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. ஒருவர் 50/50 என்பதை இன்னொருவர் 60/40 என்பார். எண்ணைவிட டயரின் முகத்தைப் பார்ப்பது நல்லது. ரப்பர்க் கட்டைகளுக்கு இடையே எவ்வளவு பள்ளம் இருக்கிறது? பள்ளம் அகலமாக இருந்தால் மண்ணில் பற்களைப்போல ஊன்றும், ஒட்டிய களிமண்ணையும் சுழற்சியில் உதறிவிடும். அதே பள்ளம் தார்ச்சாலையில் எதிரி. சாலையைத் தொடும் ரப்பர் குறைவு, எனவே பிடியும் குறைவு. உயரமான கட்டைகள் பிரேக் போடும்போதும் வளைவிலும் வளைந்து நெளியும். நெளிந்தால் சூடாகும், சூடானால் சீக்கிரம் தேயும்.

காண்டினென்டல் டிகேசி 80 மண்ணை அதிகம் மனத்தில் வைத்துச் செய்த டயர். மெட்ஸலர் டூரன்ஸ், மிஷலின் அனாகீ அட்வென்சர் போன்றவை சாலைப் பக்கம் சாய்ந்தவை. மிட்டாஸ் ஈ-07, ஹைடெனாவ் கே60 ஸ்கௌட், ஷிங்கோ 705 எல்லாம் நடுவில் எங்கோ நிற்பவை, நீண்ட உழைப்புக்காக நெடும்பயணிகள் தேடுபவை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் முதலில் வந்தபோது அதன் சக்கரங்களில் சியட் கிரிப் எக்ஸ்எல் இருந்தது, முன்னால் 21 அங்குலம், பின்னால் 17. (அந்த வண்டி 411 சிசி. அந்த 11 சிசியால் இங்கே அதற்கு 2ஏ உரிமம் போதாமல், முழு வகுப்பு 2 தேவைப்பட்டது. எத்தனை பேரின் கனவு அதில் ஓராண்டு தள்ளிப்போனதோ!)

இனி கணக்கு. ஈசூனிலிருந்து துவாஸுக்குப் போய்வர நாளுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 1,320. மாதம் ஒருமுறை ஜோகூர்ப் பயணம் 200 கிலோமீட்டர், அதில் செம்மண் 30 இருந்தால் அதிகம். ஆக மொத்தம் 1,520 கிலோமீட்டரில் மண் 30. நூற்றுக்கு இரண்டு! 90/10 டயரே அவனுக்குத் தாராளம். இதைச் சொன்னதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த நூற்றுக்கு இரண்டில்தான் அவன் விழுந்து எழும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தார்ச்சாலைக்கான வழவழப்பான டயரோடு மழைக்குப் பிறகு செம்மண் களியில் இறங்கினால் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சர்க்கரைப்பாகில் உருட்டிய அதிரசம் மாதிரி ஆகிவிடும், முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

மறுபக்கம், இங்குள்ள மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கிராஞ்சி விரைவுச்சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு, பக்கத்தில் கொள்கலன் லாரி, முன்னால் திடீரென்று சிவப்பு விளக்குகள். அந்த நேரத்தில் கட்டை டயர் போட்டவனுக்கு நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், கட்டுமானப் பணிக்காகப் போட்ட இரும்புத் தகடுகள் இவற்றின்மேல் நிலைமை இன்னும் மோசம். இங்குள்ள வாகனங்களில் மோட்டார்சைக்கிள் ஏறக்குறைய ஏழில் ஒன்றுதான். ஆனால் போக்குவரத்துக் காவல்துறையின் அண்மை ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால், சாலையில் உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரோ அதற்கு மேலோ மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும்தான். டயர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டயர் நம் கையில் இருக்கும் காரணம்.

பணக்கணக்கும் உண்டு. நீடித்து உழைக்கும் டயர் 120 வெள்ளி, 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டை டயர் 100 வெள்ளி, 5,000 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோமீட்டருக்கு ஒரு காசு, மற்றது இரண்டு காசு. ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுபவனுக்குப் பின்டயருக்கு மட்டும் 180 வெள்ளியா 360 வெள்ளியா என்பதுதான் கேள்வி. மாற்றும் கூலி தனி. விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. தினமும் உணவு விநியோகம் செய்யும் தம்பிகளைக் கேளுங்கள், அவர்களுக்கு இது மனப்பாடம்.

தேய்மானத்தில் இன்னொரு உள்ளூர் விசேஷம் இருக்கிறது. நம் விரைவுச்சாலைகள் நேரானவை. நேராகவே ஓடும் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து சப்பையாகிவிடும், ஓரங்களில் புதுசு போலவே இருக்கும். அதனால் ஓரத்தைப் பார்த்துவிட்டு “இன்னும் நிறைய இருக்கே” என்று ஏமாறக்கூடாது. பள்ளத்துக்குள் தேய்மான அடையாளமாக ஒரு சிறு மேடு இருக்கும். நடுப்பகுதி அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மூன்று ஆண்டு கடந்த மோட்டார்சைக்கிளை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது டயரையும் பார்ப்பார்கள், ஆனால் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. சில டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் இருக்கும். நம்மைப் போன்ற நேர்க்கோட்டுப் பயணிகளுக்கு ஏற்ற ஏற்பாடு அது. ரப்பரில் சிலிக்கா கலந்திருந்தால் ஈரத்தில் பிடி கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரப்பர் என்றதும் ஒரு பக்கவாட்டுப் பேச்சு. 1877ல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888ல் இங்கே தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதே 1888ல்தான் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு மலாயாவின் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். என் தாத்தா குளுவாங் பக்கம் பால்மரம் சீவியவர். இருட்டில் எழுந்து அவர் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன சாலையில், இன்று கித்தா போய்ச் செம்பனை நிற்கிறது. அவருடைய கொள்ளுப்பேரன் பொழுதுபோக்குக்காக அங்கே மோட்டார்சைக்கிள் ஓட்டப் போகிறான். தமிழ்நாட்டிலும் இந்தக் கதைக்கு வால் உண்டு. எம்ஆர்எஃப் 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. டிவிஎஸ் யூரோகிரிப் டயர்கள் மதுரைக்குப் பக்கத்து வெள்ளரிப்பட்டியிலிருந்து வருகின்றன. கடைக்காரர் ஐரோப்பியப் பெயரைச் சொன்னதும் மயங்கிவிடாமல் இவற்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தோம். சுங்கை ரோடு பழைய சந்தை 2017ல் மூடப்பட்டாலும் அந்த வட்டாரத்தில் இன்னும் இரும்பும் எண்ணெயும் மணக்கும் கடைகள் இருக்கின்றன. கடையிலிருந்த வயதான தவுக்கே, பையன் காட்டிய படத்தைப் பார்க்கவே இல்லை. “எங்கே ஓட்டுவாய், பின்னால் யார் உட்காருவார்?” என்று மட்டும் மலாயில் கேட்டார். நான் அரை மணி நேரம் பேசியதை அவர் இரண்டே கேள்வியில் முடித்துவிட்டார்.

பின்னால் ஆள் உட்காருவது ஏன் முக்கியம்? டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 57பி என்றால் அந்த டயர் 230 கிலோ வரை தாங்கும், 150 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது. 52 என்றால் 200 கிலோ. மலேசிய நெடுஞ்சாலையில் வேகவரம்பு 110 என்பதால் எழுத்து பெரும்பாலும் பிரச்சினையாகாது. எண்தான் கவனிக்க வேண்டியது. வண்டி, இரண்டு பேர், பின்பெட்டி நிறைய சாமான் என்றால் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் தலையில்தான். வண்டியின் கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். அதே இடத்தில் நான்கு இலக்கங்களையும் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பல ஆண்டு கிடந்த டயர் ஓடாமலேயே இறுகிப்போயிருக்கும். தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

பையனுக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு சமாதானம் கிடைத்தது. முன்சக்கரத்துக்கு 50/50, பின்சக்கரத்துக்கு 80/20. மண்ணில் திசையைக் காப்பது முன்சக்கரம், அதற்குப் பல் வேண்டும். எஞ்சினின் இழுப்பையும் ஆட்களின் எடையையும் சுமந்து வேகமாகத் தேய்வது பின்சக்கரம், அதற்கு ஆயுள் வேண்டும். ஆனால் முன்பிரேக்கின் சுமை முழுவதும் அந்த முன்டயரில் விழுவதால், கட்டை மிக உயரமானதைத் தவிர்த்து நடுத்தரமானதையே எடுத்தோம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் டயர்கள், இரண்டும் ஒரே கட்டமைப்பு. ஒன்று ரேடியல், ஒன்று பயஸ் என்று கலப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டாலொழியச் செய்யக்கூடாது.

தோட்டத்துக்குள் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முட்கள் டயரைத் துளைக்கும், வெட்டிப்போட்ட மட்டைமேல் ஏற்றாதீர்கள். கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். முன்சக்கரத்தின் 21 அங்குல டியூப் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் திணித்து ஊருக்கு வந்துவிடலாம். மண்ணில் பிடி கூடுவதற்காகக் காற்றைக் குறைப்பவர்கள் திரும்பும்போது அடிக்க ஒரு சிறு பம்ப் வைத்திருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் 110ல் வந்தால் அது உள்ளுக்குள் வெந்துவிடும். தோட்டங்கள் தனியார் நிலம், வாசலில் ஜாகாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வண்டிக் காப்பீடு அங்கே செல்லுமா என்று புறப்படுவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இங்கே மழை குறைந்த மாதமான பிப்ரவரியில் போனால் பாதிச் சிரமம் இல்லை.

புதுடயர் முதல் 150 கிலோமீட்டருக்கு வழுக்கும், மேற்பரப்பின் பளபளப்பு தேயவேண்டும். அதுவரை வளைவில் அதிகம் சாய்க்காதே, திடீர் பிரேக் போடாதே என்று தவுக்கே சொல்லியனுப்பினார். துவாஸுக்குப் போய்வந்தால் இரண்டரை நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அந்த வாரம் அக்கா பேருந்தில்தான் தேக்காவுக்கு வந்தார்.