வாய்வு என்று சொல்லி விட்டுவிடும் வலி

மார்பை ஏதோ அழுத்துவது போலிருக்கிறது, முதுகில் வலி பரவுகிறது, நாலு எட்டு நடப்பதற்குள் மேல்மூச்சு வாங்குகிறது என்று ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு தாய் சொன்னால், புதுக்கோட்டைச் சீமையின் கிராம வீடுகளில் முதலில் என்ன நடக்கும் என்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வாய்வாயிருக்கும்" என்று யாரேனும் ஒருவர் தீர்ப்புச் சொல்ல, ஓமத் தண்ணீரோ இஞ்சிச் சாறோ வருகிறது. கடைத்தெரு பக்கத்திலிருந்தால் ஒரு சோடாவும் வருகிறது. அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை. இதே வலி அவ்வீட்டு ஆண்மகனுக்கு வந்திருந்தால் அந்நேரத்துக்குள் வண்டி பிடித்திருப்பார்கள். அன்பின் குறைவால் இந்தப் பேதம் உண்டாவதாக நான் நினைக்கவில்லை. மாரடைப்பு ஆண்களுக்கு, அதிலும் உத்தியோகமும் கவலையும் உள்ள ஆண்களுக்கு வரும் வியாதி என்னும் அபிப்பிராயம் நம் மனத்தில் வெகுகாலமாக ஊறிக் கிடக்கிறது. அந்தத் தாயும் அப்படியே நம்பி, அடுப்படி வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று எழுந்து போகிறாள் என்பதுதான் பெரிதும் வேதனை தரும் விஷயம்.

கல்வியிலும் விஞ்ஞானத்திலும் முன்னேறிய தேசங்களும் இந்தப் பிழையைச் செய்தவையே. 1964-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் இருதய நோயைக் குறித்துப் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். அங்கே திரண்டுவந்த மாதர்களுக்குப் போதிக்கப்பட்டதோ, தத்தம் கணவரின் இருதயத்தைப் பேணுவது எப்படி என்பதே. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் இருதயம் உண்டு என்ற நினைவு அன்று எவருக்கும் எழவில்லை போலும். 1991-இல், அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் தலைமையை ஏற்ற முதற் பெண்மணியும் இருதய நிபுணருமான பெர்னடின் ஹீலி, தன் நோய் ஆணின் நோயை ஒத்தது என்று ஒரு பெண் நிரூபித்தாலொழிய அவளுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிட்டுவதில்லை என்று வெளிப்படையாக எழுதிய பிறகே வைத்திய உலகம் சற்று விழித்துக்கொண்டது. உலகில் மரிக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இருதய, இரத்தக்குழாய் நோய்களே கொண்டுபோகின்றன. பெண்களின் மரணத்துக்கு இவையே முதற்காரணம்.

மாரடைப்பு வந்த பெண்களிலும் பெரும்பாலோர்க்கு நெஞ்சுவலி உண்டு. ஆனால் அதனோடு தாடையிலும் தோளிலும் முதுகிலும் வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணம் தெரியாத அசதி, மூச்சிரைப்பு ஆகிய உபாதைகளும் கலந்து வருவதனாலேயே, நெஞ்சைவிட்டு வயிற்றின்மீதும் வயதின்மீதும் பழி விழுகிறது. சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு வலியே இல்லாமல் வெறும் சோர்வாக அது வந்து போவதும் உண்டு. சர்க்கரை நோய் இருதயத்துக்கு உண்டாக்கும் அபாயமோ ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகம். மாதவிடாய் நின்ற பின்னர் இயற்கை அளித்திருந்த காப்பும் குறைந்துபோகிறது. சிறு பிராயத்துத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கி, அது தெரியாமலே விவாகமாகி, முதல் கர்ப்பத்தில் மூச்சுத் திணறலாக அது வெளிப்படும் இளம் பெண்களையும் இங்கே மறக்கலாகாது.

பிரசவத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கும் சர்க்கரை கண்டவர்களுக்கும் பிற்காலத்தில் இருதய நோய் வரும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம். அந்த அளவுகளையெல்லாம் கிராம சுகாதாரச் செவிலியர் தாய் சேய் நல அட்டையில் சிரத்தையோடு குறித்தே வைக்கிறார். பிள்ளைக்குத் தடுப்பூசிகள் முடிந்ததும் அட்டை பரணுக்குப் போய்விடுகிறது. தாயின் எதிர்காலத்தைப் பற்றிய முதல் எச்சரிக்கையும் அதனோடு பரணேறுகிறது. அந்த அட்டையை ஆயுள் முழுதும் காக்க வேண்டிய பத்திரமாக மதித்து, நாற்பது வயதில் மருத்துவர்முன் எடுத்துவைக்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடந்து செல்பவர்கள், சாலையோரத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் பெண்களைக் கண்டிருப்பார்கள். சட்டியில் கொட்டை சூடேறித் தோலின் எண்ணெய் குபீரென்று பற்றிக்கொள்ள, கரும்புகை முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளறி இறக்கி, பின்னர் ஒவ்வொன்றாய்த் தட்டி உடைத்துப் பருப்பெடுக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டிலும் விறகடுப்பு இருக்குமானால், புகைக்கு ஓய்வு ஏது? பர்மாவிலே பிறந்து, யுத்த காலத்தில் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்து, பின்னர் இந்தியாவின் முதற் பெண் இருதய நிபுணர் என்று புகழ்பெற்று, 2020-இல் 103-ஆம் வயதில் மறைந்த டாக்டர் எஸ். பத்மாவதி, நுரையீரல் கெட்டு அதனால் இருதயம் பழுதாகும் நோயை டில்லியில் ஆராய்ந்து, புகைபிடிக்காத பெண்களுக்கும் அது மிகுதியாக வருவதற்கு அடுப்புப் புகையைக் காரணமாகச் சுட்டினார். அது 1950-களில் நடந்தது. அதை இன்னும் ஆதனக்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்க்காதிருப்பது நம் குற்றம்.

கொண்டுவந்து சேர்ப்பது அசாத்தியமா? ஹீலி அம்மையார் எழுதிய அதே 1991-இல் இந்த மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த அக்காலத்தில், அறிவொளி இயக்கத்தின் தொண்டர்கள் கல்குவாரிக்கும் களத்துமேட்டுக்கும் சென்று, பகலெல்லாம் உழைத்த பெண்களை இரவில் அரிக்கேன் விளக்கடியில் அமர்த்தி எழுத்தறிவித்தார்கள். அதோடு நில்லாமல் பல்லாயிரம் பெண்கள் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஓட்டப் பழகி, தேசமே திரும்பிப் பார்க்கும்படி செய்தார்கள். சுவரொட்டியாலும் மேடைப் பிரசங்கத்தாலும் மட்டும் அது கைகூடியிருக்காது. தங்கள் தெருவிலேயே வசிக்கும் ஒருத்தி, தங்கள் பேச்சிலேயே, மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் கைகூடிற்று. அன்று இருபது வயதில் சைக்கிள் மிதித்த பெண்ணுக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருதய நோய் தேடிவரும் பருவத்தில் இப்போது நிற்பவள் அவளே.

சாதனங்களுக்கும் இன்று பஞ்சமில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வாசலிலேயே பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பின் அறிகுறியோடு வருவோர்க்கு முதலில் தரவேண்டிய ஆஸ்பிரின் முதலான மூவகை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. 108 வண்டி இருக்கிறது. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கும்; அந்நிமிஷங்கள் ஆஸ்பத்திரியை அடையுமுன் வீட்டிலேயே விரயமாகின்றன.

ஆகையால் மாவட்ட நிர்வாகத்துக்கு என் விண்ணப்பம், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் நூறு நாள் வேலைத் தளங்களிலும் ஊருக்கு ஒரு பெண்ணைப் பழக்கி, இந்த அறிகுறிகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும் என்பது. மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நடுவயதுப் பெண்ணொருத்திக்கு மூச்சிரைப்போடும் வியர்வையோடும் வாய்வு என்று மாத்திரை கேட்டு வருபவரிடம், முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கும்படி சொல்லி அனுப்புங்கள். குழுக் கூட்டத்துக்குக் கணவன்மாரையும் மகன்மாரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். நள்ளிரவில் 108-ஐ அழைக்க வேண்டிய கைபேசி பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது.