கடல் இருக்கிறதே என்பவர்களுக்கு

மெரினா நீச்சல் குளத்தைச் செப்பனிட்டால் போதுமாம். வடசென்னைப் பள்ளிகளுக்கென்று புதிதாக ஒன்று கட்டுவது வெட்டிச் செலவாம். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வாசலிலேயே கடல் இருக்கிறதாம். சிக்கனம்போல் ஒலிப்பதால் இந்த வாதத்துக்குப் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை பஸ்ஸில் வந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டார்கள்.

எந்தக் கடலைச் சொல்கிறார்கள்? சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1870களில் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணலில் அகன்றதுதான் ஊரே காற்று வாங்கும் மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கிக் கரை அரித்துக்கொண்டே போனது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். பாசி பிடித்த பாறையும் அதன் இடுக்கில் சுழலும் தண்ணீருமாக இருக்கிற இந்த இடத்தில்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளை நீச்சல் பழக வேண்டுமாம். எங்களுக்கு வரவேண்டிய மணலில் கடற்கரை, அந்தக் கடற்கரையில் நீச்சல் குளம், எங்களுக்கு மட்டும் உபதேசம்!

கடல் வேண்டாம், கொசஸ்தலை ஆறு இருக்கிறதே என்று அடுத்து சொல்வார்கள். அந்த ஆறு சேரும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து சேர்ந்தது. மீனவர்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். வாதம் செய்பவர் முதலில் தம் பிள்ளையை அதில் இறக்கட்டும்.

குப்பத்துப் பையன்கள் பலர் அப்பா, சித்தப்பாவோடு போய்ப் பழகி நன்றாகவே நீந்துவார்கள். ஆனால் அதே வகுப்பில் லாரி ஓட்டுநரின் மகனும், கம்பெனி ஒப்பந்தத் தொழிலாளியின் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்லித்தருவது? குப்பத்திலேயும் பெண்பிள்ளைகளை அப்படிக் கடலில் இறக்கிப் பழக்குவது அரிது.

எண்ணூரிலிருந்து மெரினாக் குளம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழியெல்லாம் கண்டெய்னர் லாரி வரிசை. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அரைநாள் பள்ளி போய்விடும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரிக் குளம் அதைவிடத் தூரம்.

மராமத்துதான் மலிவு என்பதாவது உண்மையா? கடலோரக் கட்டடத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துவிட்டால், மேலே எத்தனை டைல்ஸ் ஒட்டினாலும் நிற்காது. கான்கிரீட்டைத் துளைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும். கம்பி நன்றாயிருந்தால் செப்பனிடலாம், இல்லையேல் இடித்துக் கட்டுவதே லாபம். சோதனை அறிக்கையைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறவர்கள் சிக்கனத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அப்படியே சோதித்தாலும், அது மெரினாக் குளத்தின் கதியைத்தான் முடிவுசெய்யும். திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு நீச்சல் தெரிய வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதில்தான் இந்த வாதத்தின் தந்திரம் இருக்கிறது.

லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் குளமா என்றும் உருகுகிறார்கள். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 3 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒருமுறை நிரப்பி, வடிகட்டி, குளோரின் சேர்த்துச் சுழற்றுவது. ஆவியாவதையும் வடிகட்டி கழுவப் போவதையும் ஈடுகட்டினால் போதும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். குழாயில் தண்ணீர் வராததற்குக் கட்டாத குளத்தின்மேல் பழி போடுவானேன்?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம். வங்கதேசக் கிராமங்களில் குட்டையில் மூங்கில் மேடை கட்டியே கற்றுக்கொடுத்தார்கள். நாங்களும் ஒலிம்பிக் குளம் கேட்கவில்லை.

திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் 2011இல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள்; அப்போதிருந்து இந்தப் பிள்ளைகளும் மாநகராட்சியின் பொறுப்புதான். மெரினாக் குளத்தைத் தாராளமாகச் செப்பனிடுங்கள், தேவையானால் இடித்தும் கட்டுங்கள். அதைக் காரணம் காட்டாமல், மாநகராட்சி அடுத்த பட்ஜெட்டில் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பள்ளிகளுக்கென்று ஆழமில்லாத பயிற்சிக் குளங்களுக்கும், அவற்றுக்குப் பெண் பயிற்றுநர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.