பதினாலு ஊசி

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. தொண்டாமுத்தூர் பக்கம் தக்காளி வாங்கப் போயிருந்தேன். (டவுனைவிட கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சம். பி.காம். புத்தி!) பையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போது, ஒரு செவலை நாய் சத்தமில்லாமல் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டுப் போய்விட்டது. குரைக்கிற நாய்தான் கடிக்காது என்று பழமொழி. இது குரைக்கவே இல்லை. நியாயமான நாய்!

ரத்தம் வருவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம்.

"காப்பித்தூள் வெச்சு அமுத்துங்க."

"சுண்ணாம்பு தடவுங்க, வெசம் எறங்கிப்போயிரும்."

"ஏனுங் தம்பி, பள்ளத்துல தண்ணி கெடக்குது. காலை அலசிப்போட்டு ஊட்டுக்குப் போங்க."

டீக்கடை அம்மாதான் அதட்டினார். "அந்தத் தண்ணியிலயா? எலி மூத்திரமெல்லாம் அதுலதான். இங்க வாங்க கண்ணு." குழாயைத் திறந்துவிட்டு, கையில் துணி சோப்பைத் திணித்தார். "கடியாரத்தைப் பார்த்துக் கழுவுங்க. கால் மணி நேரம்." விசாரித்தால், அவர் மகள் நர்ஸாம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னார். ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பில் ஒரு சட்டை. சோப்பு பட்டால் அது கிழிந்துபோகும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பெல்லாம் காயத்தைத்தான் கிளறும். தேங்கிய அழுக்குத் தண்ணீரில் காயத்தை நனைத்தால் எலிக்காய்ச்சல் வேறு வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஆரம்பிக்கும். சீக்கிரம் போனால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் மாதிரி மருந்துகளில் குணமாகிவிடும். விட்டால் மஞ்சள் காமாலை, கிட்னி என்று போய்விடும்.

"ஊசி எத்தனைங்க டாக்டர்?" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. வலிக்குப் பயந்து அல்ல.

2001-ல் நான் ஆறாவது படித்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரனை ஒரு நாய்க்குட்டி கடித்தது. என்னிடம் மட்டும் சொன்னான். "ஊட்டுல சொல்லிப்போடாதடா. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்க." நானும் சொல்லவில்லை. இரண்டு மாசம் கழித்து, தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறினான் என்றார்கள். அறிகுறி வந்துவிட்டால் இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. அப்புறம் அவன் பள்ளிக்கூடம் வரவே இல்லை.

அவன் பயந்ததிலும் தப்பில்லை. அன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் போட்டது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். (1902-ல் ஓர் ஆங்கிலப் பெண் ரேபிஸில் இறந்த பிறகு, தென்னிந்தியாவுக்கென்று 1907-ல் தொடங்கிய இடம் அது.) அந்த ஊசியை 2004-ல் இந்தியா முழுக்க நிறுத்திவிட்டார்கள்.

"பதினாலா? அதெல்லாம் போயாச்சுங்க," என்று சிரித்தார் டாக்டர். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். பிறகு கையில் தோலுக்குள் போடும் தடுப்பூசி. முதல் நாள், 3, 7, 28-ம் நாள். நாலே தடவை. காசு கிடையாது. தசையில் போடுகிற முறை என்றால் 14-ம் நாளும் சேர்த்து அஞ்சு. "நாய் பத்து நாள் உசுரோட இருக்குதான்னு பாத்துட்டு வரலாம்னு மட்டும் உக்காந்துராதீங்க. மொதல்ல ஊசி, அப்புறம் நாய்."

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசிக்குப் பர்மிஷன் கேட்டபோது மேனேஜர், "நாய் கடிச்சதுக்கெல்லாமா?" என்றார். ஒரு நிமிஷம் அவரையே பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். வருகிற சனிக்கிழமை நாலாவது ஊசி.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறாவது படிக்கிற பையன் இருப்பான். நாய் கடித்தால் அவனும் மறைக்கத்தான் பார்ப்பான். இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவையுங்கள். நாய் கடித்தால் திட்டமாட்டோம், தொப்புளில் ஊசியும் கிடையாது.